குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஏழெட்டுப் பால்மரங்கள்

அக்கா,

இன்று காலை தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு நின்றபோது அந்த வாசனை மூக்கில் வந்து ஏறியது. பச்சைப் பால் வாசனை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டுப் பக்கம் வராத வாசனை. கல்லை இறக்கிவைக்கக்கூடத் தோன்றாமல் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் நிற்கும் ரப்பர் பால்மரங்களில் பாதி ஏற்கெனவே கீழே கிடந்தன. கோடரி விழுந்த இடமெல்லாம் வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது. அடுப்பில் தோசை தீய்ந்துபோனது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த இடத்தில் புது லைன் வீடு கட்டப்போகிறார்களாம். ஆள்தான் வந்துகொண்டே இருக்கிறதே. பந்திங் பக்கம், தெலுக் பங்லிமா காராங் பக்கம் என்று எங்கெங்கோ தோட்டத்தை விட்டுவிட்டு, கிள்ளான் ரயிலில் கோலாலம்பூர் வந்து இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஆண்கள் முன்னால், மூட்டை சுமந்த பெண்கள் பின்னால். நான் அந்தப் பெண்களின் கைகளைத்தான் பார்ப்பேன். விரல் இடுக்கில் பால் காய்ந்த கறை கறுப்பாக இருக்கும். இரண்டு மாதத்தில் அந்தக் கறை போய்விடும். அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நமக்கு மட்டும் யார் சொன்னார்கள்?

நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் ஊருக்குப் போகிற கடிதத்தை நீ சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்தவள் நான், பக்கத்தில் உட்கார்ந்து ஏவுகிறவள் நீ. ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டாலும் எப்படியோ கண்டுபிடித்து, "நான் சொன்னத மட்டும் போடு புள்ள" என்பாய். இன்றைக்கு ஏவ ஆளில்லை. மனதில் வந்ததை எழுதப்போகிறேன். அதில் முக்கால்வாசி கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். ஓரகத்திகள் என்றால் குடுமிப்பிடிச் சண்டைதான் என்று தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்தில், எல்லோரும் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள். சண்டை போட நமக்கு நேரம் எங்கே இருந்தது? இருட்டோடு எழுந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடவேண்டும். கிள்ளானுக்கு வெளியே அந்தத் தோட்டத்தில், ஆபீசுக்கு முன்னால், ஒரு விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் வரிசையாக நிற்போம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் தலையை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம் அந்தப் பேரை அடித்துவிடுவார். அடித்துவிட்டால் அன்றைய கூலி இல்லை. உன் பேரைக் கூப்பிட்டால் மட்டும் அவர் நிமிரவேண்டிய அவசியமே வராது. கடைசி லயம் வரை கேட்கும்படி "இருக்கேன்யா!" என்று ஒரு சத்தம் போடுவாய்.

"நீ இருக்கேன்னு கிள்ளான் டவுனுக்கே தெரியும். காதக் கிழிக்காத தாயி" என்பார் அவர்.

சம்பள நாளிலும் அதே கதைதான். மேசைக்கு முன்னால் உன் பேரைக் கூப்பிட்டதும் உன் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். நீ பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டு, "என் பேரக் கூப்பிட்டா என் கைதான் நீளும்" என்றாய். மொத்தக் கூட்டமும் சிரித்தது. மறுமாதம் நானும் அப்படியே செய்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன்னிடம் வந்து சொன்னேன். "ரெண்டு நாள் நிம்மதியா இருந்துக்க" என்றாய்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. எங்கோ சீமையில் விழுந்த விலை நம் அடுப்புக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிவிடும்? முதலில் புல்வெட்டுகிற ஆட்களை நிறுத்தினார்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பால்வெட்டு என்றார்கள். அப்புறம் கூலியையும் குறைத்தார்கள். தோட்டத்துக் கடையில் அரிசி மட்டும் தன் விலையில் கெட்டியாக நின்றது. தண்ணீர்க் குழாயடியில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வந்தார்கள்.

"கோலாலம்பூர் எஞ்சின் ஷெட்டுல எனக்கும் தம்பிக்கும் இடம் கெடைக்கும். வீடும் குடுக்கிறான்" என்றார் உன் வீட்டுக்காரர். "நாங்க ரெண்டு பேரும் சம்பளம் வாங்கினாப் போதும். நீங்க சும்மா இருக்கலாம்."

ஏதோ நகை வாங்கிவந்து கையில் கொடுக்கிற மாதிரி அந்தச் 'சும்மா'வைக் கொடுத்தார். வாளி கழுவிக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து பார்த்து, "அப்ப எங்க சம்பளம்?" என்று கேட்டாய்.

அவர் சிரித்துவிட்டார். "ஒனக்கு எதுக்குச் சம்பளம்? அதான் நான் இருக்கேன்ல."

அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்ட மனிதராக இருந்தால் ஒரு வார்த்தை திட்டித் தீர்த்துவிடலாம். அவர் நல்லவர். நம்மைச் சுமை இறக்கிவைத்துக் காப்பாற்றுவதாகவே அவர் நினைத்தார்.

பட்டணம் ஒன்றுமே தரவில்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. வாடகையில்லாத வீடு, வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. என் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மூத்தவன் இன்றைக்கு ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறான். ஆனால் தோட்டத்தில் நாலு கை சம்பாதித்த வீடு, இங்கே இரண்டு கையாகிவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் நின்றன. கோழி தானாக மேய்ந்தது, விறகு காலடியில் கிடந்தது. இங்கே கொத்தமல்லிக்குக்கூட பாசாருக்குப் போகவேண்டும். கூடுதலாக வந்த சம்பளம் வந்த வழியே போய்விட்டது. ஆண்களுக்கு அது புரியவே இல்லை. "அங்கவிட இங்க சம்பளம் கூடத்தானே, எங்கதான் போகுது?" என்று மாதாமாதம் நம்மைக் கேட்டார்கள். நாம் என்ன மென்றா தின்றோம்?

மென்று தின்பது என்றதும் நினைவு வருகிறது. தோட்டத்தில் உன் மடியில் வெற்றிலைப் பை இல்லாமல் நான் உன்னைப் பார்த்ததில்லை. இங்கே வந்த மூன்றாம் மாதமோ என்னவோ, பை காணாமல் போனது. கேட்டால் பல் வலி என்றாய். பல் வலியாவது ஒன்றாவது. வெற்றிலைக்குக் காசு என்று புருஷனிடம் போய் நிற்க உனக்கு வாய் வரவில்லை. அதனால் வெற்றிலையையே விட்டுவிட்டாய். இதை அவரிடம் சொல்லக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். சொல்லியிருந்தால் மறுநாளே ஒரு கட்டு வாங்கிவந்து போட்டிருப்பார், அந்த மனிதர். அதுவும் உனக்குப் பிடிக்காது.

பேரும் போனது. இந்த லைனில் யாருக்கும் உன் பேர் தெரியாது. நீ "எஞ்சின் ஷெட்காரர் சம்சாரம்". நான் "அவங்க தம்பி சம்சாரம்".

ஆனாலும் விடியுமுன் எழுந்திருக்கிற பழக்கம் போகவில்லை. எழுந்து என்ன செய்வது? முற்றம் கூட்டினாய். கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டினாய். ஒருநாள் நான் எழுந்து வந்தபோது உன்னைக் காணவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், எந்தக் காலத்து அதிகாரியோ நிழலுக்கு நட்டுவைத்த பால்மரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறாய். கையில் பால்வெட்டுக் கத்தி. கல்யாணப் புடவைக்கு அடியில் சுற்றி அதைக் கொண்டுவந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் பின்னால் மரம் இருந்தால் பட்டணத்துச் சனங்கள் கொடி கட்டித் துணி காயப்போடுவார்கள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டுவார்கள். நீ பட்டை சீவி வெட்டுப் போட்டுவிட்டாய். கீழே தேங்காய்ச் சிரட்டை.

"அக்கா, ஒனக்கு என்ன கிறுக்கா? யாருக்கு இந்தப் பாலு?" என்றேன்.

"மரம் சும்மா நிக்குதே புள்ள."

எனக்குக் கோபம் வந்தது. வாங்க ஆளில்லாத பால், கேட்க நாதியில்லாத வேலை. இருந்தும் ஒரு வாரத்துக்குள் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்துவிட்டேன். அந்தக் காலைகளில் நாம் இரண்டு பேரும் பேசிச் சிரித்ததைப்போல் இந்த வீட்டுக்குள் ஒருநாளும் சிரித்ததில்லை. சிரட்டையில் பால் தானாக உறையும். கட்டி கட்டியாக எடுத்துச் சாக்கில் போட்டுச் சாக்கடை ஓரம் அடுக்கினாய். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் உருட்டிப் பந்து அடித்தார்கள். குவாட்டர்ஸ் பார்வையிட வரும் ஓவர்சியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, ரயில்வேயிலயே தோட்டம் போட்டுட்டீங்க லா" என்று சிரித்துவிட்டுப் போவார். விலை இல்லாத காலத்தில் அது விளையாட்டு.

சில வருஷம் கழித்து விலை ஏறியது. ஏறியதும் எல்லாருக்கும் கண் திறந்துவிட்டது.

முதலில் வந்தவர் நம் பழைய தோட்டத்துக் கங்காணி. ஆள் பிடிக்கப் பிரிக்பீல்ட்ஸ் வந்து, கோயில் வாசலில் நின்று போன சனத்தையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாய்.

"ஆளு பத்தல தாயி. திரும்பி வர்ற சனத்துக்குப் பழைய வெட்டே குடுக்கச் சொல்லிட்டாரு தொர" என்றார்.

"எனக்கும் அதே மரந்தானா?"

"தரலாம். ஆனா ஒன் வீட்டுக்காரரும் வரணும். ஆம்பள பேர்லதான் லயத்துல வீடு போடுவாங்க. தெரியாதா ஒனக்கு?"

அன்று சாயங்காலம் நீ சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாய். உன் வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். "ரயில்வே வேலைய விட்டுட்டு மறுபடியும் தோட்டமா? ஏறின வில எறங்காதா? எறங்கினா அன்னிக்கு யாரு சோறு போடுவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அக்கா, எனக்கு இன்றுவரை தீராத ஆத்திரம். விலை மறுபடி விழத்தான் செய்தது. முன்னைவிட மோசமாக விழுந்தது. கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நாம் போயிருந்தால் நம்மையும் அனுப்பியிருப்பார்கள். அவர் நம்மைக் காப்பாற்றினார். உன்னை எதிலிருந்து காப்பாற்றவில்லை என்பதுதான் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்த வாரமே ஓவர்சியர் வந்தார். இந்தத் தடவை அவர் மூக்கைப் பொத்தவில்லை. கூட ஒரு ஆள், அவன் கையில் புதுக் கத்தி. மரங்களில் பால் எடுக்க ரயில்வேயே கூலிக்கு ஆள் போட்டாயிற்றாம். சாக்கு மூட்டைகளையெல்லாம் அவனே தூக்கி வண்டியில் போட்டான்.

"அரசாங்க மரத்துல பால் எடுக்கிறது திருட்டு, தெரியும்ல?" என்றார் ஓவர்சியர், உன் வீட்டுக்காரரைப் பார்த்து. "இனிமே ஒங்க வீட்டுப் பொம்பளைங்க இதத் தொட்டா வீட்டக் காலி பண்ண வேண்டியதுதான்."

உன் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இல்லீங்க, இனிமே நடக்காதுங்க" என்று கும்பிட்டார். வீடு போனால் இரண்டு குடும்பமும் தெருவில். நீயோ நேரே ஓவர்சியர் முன்னால் போய் நின்றாய்.

"ஐயா, மரத்துக்கு ஆளுதான வேணும்? நான் இருக்கேன். எனக்குக் கூலி போட்டுக் குடுங்க. இந்த ஆளுக்குக் குடுக்கிறதுல பாதி போதும்."

அவர் உன்னைத் திட்டவில்லை. குழந்தை ஏதோ கேட்டதுபோல் சிரித்தார். "ரயில்வேயில பொம்பளைக்கு ஏதும்மா வேல?"

அதன் பிறகு, விலை மறுபடி விழும்வரை, அந்த ஆள் தினமும் வந்து வெட்டினான். ஆழமாக, கட்டைவரை போட்டு வெட்டினான். நீ சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாய். அவன் கத்தி வைக்கிற ஒவ்வொரு தடவையும் நாக்கால் 'த்சொ' என்பாய். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. "அங்க போயி நிக்காதக்கா!" என்று ஜன்னலைச் சாத்தினேன். நீ திறந்தாய். நான் சாத்தினேன். ஓரகத்திகளாக வாழ்ந்த அத்தனை வருஷத்தில் நமக்குள் நடந்த பெரிய சண்டை அதுதான்.

ஒருநாள் என்னை உலுக்கி எழுப்பி, "வா, தோட்டத்துக்குப் போயிட்டுப் பொழுதோட திரும்பிடலாம்" என்றாய். வீட்டுக்காரர்தான் ரயில்வே, நமக்குப் பாஸ் இருக்கிறது. லயத்தில் வீடு எதற்கு, தினம் போய் வந்தால் ஆயிற்று என்பது உன் கணக்கு. முதல் வண்டி பிடித்தோம். கிள்ளானில் இறங்கித் தார் போட்ட சடக்கு வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனோம். தோட்டத்து வாசல் தெரியும்போதே வெயில் வந்துவிட்டது. வெட்டுக்காட்டுக்குள் வாளிச் சத்தம் கேட்டது. பெரட்டு முடிந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

அதே கிராணி. தலை நரைத்திருந்தது. உன்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கிவிட்டது.

"இந்நேரத்துக்கு வந்தா எப்பிடிம்மா பேர் போடறது? பொழுது ஏறினா பால் நின்னுடும்னு ஒனக்கு நான் சொல்லணுமா?"

"மொத வண்டியே இப்பத்தாங்கய்யா வருது."

"அதுக்கு நான் என்னம்மா செய்யட்டும்? வண்டிய நானா ஓட்டுறேன்?"

அவரும் சொன்னது சரிதான். கங்காணி சொன்னது சரி, வீட்டுக்காரர் சொன்னது சரி, ஓவர்சியர் சட்டமும் சரி. எல்லோரும் சரியாக இருந்து உன் வேலை மட்டும் எங்கே போனது அக்கா? யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

திரும்பி வரும்போது ரயிலில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாய். பாதி வழியில் திடீரென்று, "இந்த எஞ்சின எங்க வீட்டு ஆளுதான் தொடைக்கிறாரு புள்ள. இன்னும் கொஞ்சம் வெரசாத் தொடைச்சிருந்தா நேரத்துக்குப் போயிருப்போம்" என்றாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் உன் கண்ணில் தண்ணீர். அதற்குப் பிறகு நீ தோட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஜன்னல் பக்கமும் போகவில்லை. அன்றைக்கு ஜன்னலைச் சாத்திச் சண்டை போட்ட நான், பிறகு நீ அதைத் திறக்கமாட்டாயா என்று ஏங்கினேன்.

போன வருஷம் மழையில் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் பதிவெழுதுகிறவர் உன் பேர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் அழுதுகொண்டே பதில் சொன்னார். "வேலையெல்லாம் இல்லீங்க. வீட்டுல சும்மாதான் இருந்துச்சு." அழுகிற மனிதரோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்? வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் ஒன்று. இந்த வீட்டில் இன்றைக்கும் சம்பள நாளன்று, ஒரு சாமான் வாங்குமுன் நான் கையை நீட்டுகிறேன். என் பங்கு என் கைக்கு வரவேண்டும். முதலில் என் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். பிறகு கிண்டலாகக் கிராணி மாதிரி என் பேரைக் கூப்பிட ஆரம்பித்தார். நானும் "இருக்கேன்யா!" என்பேன். இப்போது அவர் கிண்டலாகக் கூப்பிடுவதில்லை. மூட்டையோடு புதிதாக வந்து இறங்குகிற பெண்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மரம் வெட்டும் ஆட்களுக்குத் தலைவராக வந்தவர் வயதானவர், பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவராம். விழுந்துகிடந்த மரத்தின் பட்டையைக் கையால் தடவிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு கை வெட்டியிருக்குங்கம்மா இதுல" என்றார் என்னிடம். "கீழ வெட்டினவன் முண்டு முண்டாக்கிக் கெடுத்திருக்கான். மேல பாருங்க, எவ்வளவு வழுவழுன்னு மூடியிருக்கு. யாரு இந்த ஆளு? எந்தத் தோட்டம்?"

"இந்தத் தோட்டந்தான்" என்றேன்.

அவர் குவாட்டர்ஸைப் பார்த்தார், கொடியில் காயும் எஞ்சின் ஷெட் சட்டைகளைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். ஆனால் சிரிக்கவில்லை. "பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

சொன்னேன் அக்கா. பெரட்டில் கிராணி கூப்பிடுவாரே, அப்படி, கடைசி வீடு வரை கேட்கும்படி உன் பேரைக் கூவினேன். கோடரிச் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். பதில் வராது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பேரை அடிக்குமுன் கிராணி நிமிர்ந்து பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பார் அல்லவா, அவ்வளவு நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.